பனியன் வேஸ்ட்டால் துடைத்தாலும் போகாத லோகோ: அலுமினியத்தில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்

சிவகாசிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு மத்திகெரேயில் இருக்கிறேன். ஏழு வருடமாக வீட்டிலிருந்தே டிசைன் வேலை. சொந்த ஊர் சிவகாசி, அப்பா ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். லேபிளும் காலண்டர் தாளும் காயும் வாசனையில் வளர்ந்தவள் என்பதால் காகிதத்தில் எது எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். இப்போது கையில் இருக்கும் வேலை ஒரு கம்பெனிக்கு லோகோ. அது விழப்போவது காகிதத்தில் இல்லை, அலுமினியத்தில்.

கம்பெனி பீனியா இரண்டாம் ஸ்டேஜில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆங்கில 'எம்' எழுத்தில் தொடங்கும் என்பது வரை சொல்லலாம். மொத்தம் இருபத்திரண்டு பேர். தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்திலேயே மாட்டுகிற கம்ப்யூட்டர் செய்கிறார்கள். நம் மேஜைக் கம்ப்யூட்டர் போல இல்லை இது. உள்ளே ஃபேன் கிடையாது, தூசி போக ஓட்டை கிடையாது, மேல்மூடியே சூட்டை வெளியே விடும் வரிவரியான ஹீட்சிங்க். 9 முதல் 36 வோல்ட் டி.சி. வரை எது வந்தாலும் ஓடும். பேனல் போர்டுக்குள் 35 மி.மீ. டின் ரெயிலிலும் (கருவிகளை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டலாம், சுவரிலும் மாட்டலாம். தறி, சி.என்.சி., ரைஸ்மில், லாரி என்று எங்கெங்கோ போகிறது.

முதலாளி பொள்ளாச்சிப் பக்கம். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அம்மணி, பல்சக்கரம் ஒண்ணு, சிப் ஒண்ணு, கேடயம் ஒண்ணு. பாத்தாவே கெட்டியா தெரியோணும். கேடயத்துக்குள்ள ஐ.பி. 67-ன்னு போட்டுருங்க." (ஐ.பி. 67 என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் தாங்கும் தரத்துக்கான எண்.) அப்படியே வரைந்து கொடுத்தேன். கேடயத்துக்குள் அரைச் சக்கரம், சக்கரத்துக்குள் கால்கள் முளைத்த சிப், ஓரமெல்லாம் எஃகு மாதிரி மின்னும் கிரேடியன்ட் (மெல்ல மெல்ல மாறும் சாயல்), நீல நிறம். லேப்டாப் திரையில் நன்றாகத்தான் இருந்தது. அவருக்குப் பிடித்தது, அட்வான்ஸும் வந்துவிட்டது.

போன வாரம் அதை லேசர் மார்க்கிங் கடைக்கு எடுத்துப் போனோம். கறுப்பு அனோடைஸ் செய்த (அலுமினியத்தின் மேல் மின்முறையில் நிறப் படலம் ஏற்றிய) மூடியில் 28 மி.மீ. அகலத்தில் அடித்தார்கள். வந்ததைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். சக்கரத்தின் பதினான்கு பற்களும் விளிம்போடு ஒட்டி ஒரே வளையமாகிவிட்டன. சிப்பின் கால்கள் சேர்ந்து ஒரு வெள்ளைத் திட்டு. கிரேடியன்ட் இருந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக உரசல் கோடுகள். ஐ.பி. 67 என்பதில் 7 மட்டும் படிக்க முடிந்தது. மெஷின் ஓட்டியவர், "மேடம், உங்க டி.எக்ஸ்.எஃப். வரைபட ஃபைல்ல ஒரே கோட்டு மேல மூணு கோடு கிடக்கு, அதான் ஒரே இடத்துல மூணு தடவை சுடுது" என்றார். அது என் தவறு, திருத்திவிட்டேன். திருத்தி அடித்தும் திட்டு திட்டாகத்தான் வந்தது.

என்னை இங்கே எழுத வைத்தது அது அல்ல. திரும்பி வரும்போது சர்வீஸ் பெஞ்சில், ராய்ச்சூர் பக்கத்து ரைஸ்மில் ஒன்றிலிருந்து வந்த பெட்டி ஒன்று இருந்தது. மூன்று வருடம் ஓடியது. ஹீட்சிங்க் வரிகளுக்குள் தவிடும் எண்ணெயும் சேர்ந்து களிமண் போல இறுகியிருந்தது. பழைய லோகோ ஒரு நீல ஸ்டிக்கர். அதில் வலது மூலையில் நகம் அளவு மட்டும் மிச்சம், அதுவும் பின்பக்கப் பசையோடு சுருண்டு கிடந்தது. மில் ஃபிட்டர் தினமும் மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைப்பாராம். சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் அதே வழியில் போய்விட்டதால், வாரண்டி பார்க்கப் பெட்டியைப் பிரித்து உள்ளே போர்டில் இருக்கும் எண்ணைத் தேட வேண்டியிருந்தது.

ஆனால் அதே பெட்டியில் ஒன்று அப்படியே இருந்தது. எர்த் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் மில்லிங்கில் வெட்டிய எர்த் குறி. மேலிருந்து ஒரு கோடு, அதன் கீழே குறைந்துகொண்டே போகும் மூன்று கோடுகள். அழுக்கு அதற்குள் போய்ப் படிந்ததில் புதிதாக இருந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது. யாரும் டிசைன் என்று நினைக்காத அது நின்றிருக்கிறது, காசு கொடுத்து வரைய வைத்த லோகோ போய்விட்டது. விரலால் அந்தக் குறியைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். நான் வரைந்ததை அப்போதே விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

இப்போது என் கேள்விகள். கோடு எவ்வளவு தடிமன் இருந்தால் உலோகத்தில் நிற்கும்? லேசரா, ஸ்கிரீன் பிரிண்டிங்கா, வார்ப்பிலேயே வருவதா? நிறம் வேண்டுமா? பெட்டியை ஒருவர் நிறுத்தி மாட்டுகிறார், ஒருவர் படுக்க வைத்து மாட்டுகிறார், அப்படியானால் லோகோ எந்தத் திசையில் இருக்க வேண்டும்? கடைசியாக, ஒப்புக்கொண்ட டிசைனை வேண்டாம் என்று நானே எப்படி அவரிடம் சொல்வது? மரியாதையான மனிதர். அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும்.

---

பூட்_ஆகுது:

அக்கா, நான் இந்த மாதிரி பெட்டிகளுக்கு ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள்ளேயே இருக்கிற அடிப்படை நிரல், எழுதுறவன், எலக்ட்ரானிக் சிட்டியில வேலை. மூடியில மட்டும்தான் லோகோ வரும்னு நினைச்சுக்காதீங்க. இன்னும் ரெண்டு இடம் இருக்கு.

ஒண்ணு, சர்க்யூட் போர்டு மேல வெள்ளை எழுத்தா வர்ற சில்க்ஸ்கிரீன். அதுல கோடு 0.15 மி.மீ.க்குக் கீழ போனா பெரும்பாலான போர்டு கம்பெனி உத்தரவாதம் தராது. போர்டுல லோகோவுக்குக் கிடைக்கிற இடம் சில சமயம் 3 மி.மீ.தான். அந்த 3 மி.மீ.ல உங்க லோகோ நிக்குதான்னு முதல்ல பாருங்க. அங்க நின்னா எங்கயும் நிக்கும்.

ரெண்டாவது, ஆன் பண்ணின உடனே திரையில வர்ற பூட் லோகோ. கறுப்புப் பின்னணியில வெள்ளைல கொடுத்தீங்கன்னா எந்தப் பேனல்லயும் சரியா வரும். இதுல உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம், ஆனா முதலாளிகிட்ட சொல்லி வைங்க. 2023 டிசம்பர்ல 'லோகோஃபெயில்'னு ஒரு பாதுகாப்பு ஓட்டையைப் பத்தி வெளியிட்டாங்க. பூட் ஆகும்போது லோகோ படத்தைப் படிக்கிற நிரல்லயே தப்பு இருந்ததால, படத்தை மாத்தி வச்சே கம்ப்யூட்டருக்குள்ள நுழைய முடிஞ்சது. பல கம்பெனி ஃபர்ம்வேர்ல அது இருந்தது. அதனால 'கஸ்டமரே லோகோவை மாத்திக்கலாம்'னு வசதி கொடுக்கிறதா இருந்தா யோசிச்சுச் செய்யச் சொல்லுங்க.

திசை விஷயத்துக்கு ஒரு பழைய வழி இருக்கு. 2000ல வந்த பிளேஸ்டேஷன் 2 நினைவிருக்கா? அதையும் நிறுத்தியும் வைக்கலாம், படுக்கவும் வைக்கலாம். முன்னாடி இருந்த சின்ன லோகோவை விரலால திருப்பிக்கலாம். அந்த மாதிரி ஒரு வட்டத் துண்டு போட்டா பிரச்சினை தீர்ந்தது.

நிறம்: எல்.இ.டி. பக்கத்துல லோகோ வருதுன்னா சிவப்பு, மஞ்சள், பச்சை மூணையும் விட்டுடுங்க. மெஷின் பக்கத்துல நிக்கிறவனுக்குச் சிவப்புன்னா ஆபத்து, மஞ்சள்னா ஏதோ கோளாறு, பச்சைன்னா ஓடுது. அது அவனுக்குப் பழகின மொழி, நாம குறுக்கே போகக் கூடாது.

---

டூல்ரூம்_தாத்தா:

பாப்பா, நான் கிருஷ்ணகிரியில இருந்து 1983ல பீனியா வந்தவன். முப்பத்தி நாலு வருஷம் டூல்ரூம். இப்ப வீட்ல இருக்கேன். உன் கேள்வியைப் படிச்சதும் பதில் எழுதணும்னு உக்காந்துட்டேன். அந்த எர்த் குறி முன்னாடி நின்னுட்டேன்னு எழுதியிருக்கியே, அதுலயே பாதி பதில் இருக்கு. அது மை இல்ல, ஆழம். துடைக்கத் துடைக்க மை போகும், ஆழம் எங்க போகும்?

முதல்ல ஒண்ணு கேட்டு வா. மூடி டை காஸ்டிங்கா (டைன்னு சொல்ற இரும்பு அச்சுக்குள்ள உருக்கின உலோகத்தைத் தள்ளி வார்க்கறது), எக்ஸ்ட்ரூஷனா? எக்ஸ்ட்ரூஷன்னா முறுக்கு பிழியற மாதிரி, நீளம் முழுக்க ஒரே வடிவம்தான் வரும். அதுல எழுத்து வராது, அப்புறமா லேசர்லயோ மில்லிங்லயோதான் போடணும். டை காஸ்டிங்னா எழுத்து வார்ப்பிலேயே வரும், தனிச் செலவே கிடையாது.

வார்ப்புல போடறதா இருந்தா மேடா போடு, பள்ளமா போடாத. டையில குழி வெட்டினா வார்ப்புல மேடு வரும். குழி வெட்டறது சுலபம். உனக்கு எழுத்து பள்ளமா வேணும்னா டையில அந்த எழுத்து மேடா நிக்கணும், அதுக்குச் சுத்தி இருக்கற இரும்பை எல்லாம் செதுக்கி எடுக்கணும். வெறும் மேடா விட்டா உரசித் தேயும். அதனால ஒரு சின்னப் பள்ளம் கட்டி அதுக்குள்ள மேட்டை வை. இட்லித் தட்டுக் குழியில இட்லி உக்காந்திருக்கற மாதிரி. மேட்டோட தலை, சுத்தி இருக்கற தளத்தைத் தாண்டக் கூடாது. மூலையெல்லாம் கொஞ்சம் உருட்டி விடு. கூர்மூலையில உலோகம் நிறையாது, டையும் அங்கதான் முதல்ல விரிசல் விடும். பக்கச் சுவர் எல்லாத்துக்கும் சரிவு கொடு, இல்லன்னா வார்ப்பு டையை விட்டு வராது.

இப்ப திசை. தம்பி சொன்ன மாதிரி திருப்பற துண்டு போட்டா நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னு கேளு. ஃபேன் இல்லாத பெட்டி எதால குளிருது? காத்து சூடானா மேல போகும். ஹீட்சிங்க் வரி செங்குத்தா நின்னாத்தான் கீழ இருந்து குளிர் காத்து ஏறி வரிக்கு நடுவுல போய் மேல வெளிய வரும். பெட்டியைப் படுக்கப் போட்டு வரி குறுக்கா இருந்தா காத்து அங்கயே மாட்டிக்கும். பெட்டி சூடாகும், கம்ப்யூட்டர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அப்புறம் 'உங்க பெட்டி ஸ்லோ'ன்னு போன் வரும். இதுக்காகவே நான் எத்தனை பேனலைத் திறந்து திருப்பி மாட்டியிருக்கேன் தெரியுமா. அதனால வரி செங்குத்தா, ஒயர் போற பக்கம் கீழ. அப்படி நிக்கும்போது லோகோ நேரா தெரியணும். வேற எப்படி மாட்டினாலும் லோகோ கோணலாத் தெரியணும். ஃபிட்டர் மேனுவல் படிக்க மாட்டான், ஆனா எழுத்து தலைகீழா இருந்தா அவன் கை சும்மா இருக்காது, திருப்பிடும். உன் லோகோவை அந்த வேலைக்கு வை.

கடைசியா ஒண்ணு. இந்த ஊர்ல ஆடுகோடி மைகோன்னா எல்லாருக்கும் தெரியும். 1951ல ஆரம்பிச்சது, இப்ப பேரு பாஷ். பாஷ் லோகோவுல வட்டத்துக்குள்ள இருக்கற குறி என்னன்னு யோசிச்சிருக்கியா? எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கற மேக்னெட்டோவுக்குள்ள இருக்கற ஆர்மேச்சர்ங்கற பாகம். குறுக்கா வெட்டிப் பாத்தா தெரியற வடிவம், சுத்தி அதோட கூடு. 1918ல அவங்க எஞ்சினியர் கோட்லோப் ஹோனோல்ட் வரைஞ்சது. நூறு வருஷம் தாண்டியும் அதேதான். பல்சக்கரமும் கேடயமும் யார் வேணா போடலாம். உன் ஆளு செய்யற பொருளுக்குள்ள என்ன இருக்குன்னு பாரு.

---

சிவகாசிக்காரி:

தாத்தா, இதைப் படித்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு மாதிரிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் ஹீட்சிங்க் ஒரு சீப்பு போலத் தெரிகிறது. கவிழ்த்த சீப்பில் மூன்று பற்களை மட்டும் வைத்துக்கொண்டால், மேலே ஒரு பட்டை, கீழே மூன்று கால்கள். அது 'எம்'! கம்பெனியின் முதல் எழுத்து அவர்கள் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. கை நடுங்க வரைந்தேன்.

இப்போது எக்ஸ்ட்ரூஷன்தான், மாதம் முந்நூறு பெட்டி, கறுப்பு அனோடைஸ். அடுத்த வருடம் ஒரு மாடலுக்கு மட்டும் டை காஸ்டிங் போக யோசிக்கிறார்கள். அதனால் ஒரே வடிவம் இப்போது லேசருக்கும் பிறகு வார்ப்புக்கும் ஒத்துவர வேண்டும்.

தம்பி பூட்_ஆகுது, 3 மி.மீ. சோதனை செய்துவிட்டேன். மூன்று கால், இரண்டு இடைவெளி. ஒவ்வொன்றும் 0.6 மி.மீ.க்கு அருகில் வருகிறது. நீங்கள் சொன்ன 0.15க்கு நாலு மடங்கு. திசை விஷயத்தில் மட்டும் தாத்தா பக்கம்தான் நான்.

---

பூட்_ஆகுது:

காத்துக் கணக்கை நான் யோசிக்கவே இல்ல. தாத்தா சொல்றதுதான் சரி. நாங்க மேனுவல்ல அம்புக்குறி எல்லாம் போட்டுப் பார்த்திருக்கோம், யாரும் பார்க்கிறதில்ல. திருப்பற துண்டு வேண்டாம்.

---

ஸ்டால்_கட்டுறவன்:

மேடம், நான் மதுரைக்காரன். தும்கூர் ரோட்டு பி.ஐ.இ.சி. கண்காட்சி மையத்தில் ஐம்டெக்ஸ் மாதிரி மெஷின் கண்காட்சி வந்தால் ஸ்டால் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பல்சக்கரம் போனது நல்லதுதான். ஒரு ஹாலில் ஒரு வரிசை நடந்தால் பத்துப் பலகையில் பல்சக்கரம் இருக்கும். ஆனால் எல்லோரும் 28 மி.மீ.யைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வரும் பலகை மூன்று மீட்டர். இருபது மீட்டர் தள்ளி நடந்து வருகிறவன் கூட்டத்துக்கு மேலே பார்ப்பது அதைத்தான். அங்கே உங்கள் மூன்று கால் 'எம்' வெறும் கட்டையாக, முகமே இல்லாமல் நிற்கும் என்று பயப்படுகிறேன். சீப்புக் கடையா என்றுகூட ஒருவர் கேட்கலாம். கம்பெனிப் பெயரைத் தடிமனாக, குறிக்குச் சமமான கனத்தில் எழுதுங்கள். குறி தனியாக, பெயர் மெலிந்து ஓரத்தில் என்று கொடுத்துவிடாதீர்கள்.

அளவுக்கு ஏற்ற வடிவம் தனித்தனியாக வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஐ.பி.எம். லோகோவை எடுத்துக்கொள்ளுங்கள். பால் ராண்ட் 1972இல் கொடுத்த எட்டுக் கோடு வடிவம்தான் எல்லோருக்கும் தெரியும். லெட்டர்ஹெட்டுக்கு என்று பதிமூன்று கோடு வடிவமும் வைத்திருந்தார்கள். நீங்களும் மூன்று மீட்டருக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று, போர்டுக்கு ஒன்று என்று இடைவெளியைக் கொஞ்சம் மாற்றி வரையுங்கள். கறுப்பில் வெள்ளை கொஞ்சம் பருத்துத் தெரியும். அதனால் மூடிக்கான வடிவத்தில் காலைவிட இடைவெளி சற்று அகலமாக இருக்கட்டும்.

இன்னொன்று, இது பெங்களூரு. கடை, கம்பெனிப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டம் திருத்திவிட்டார்கள். ஆங்கில எழுத்தை மட்டும் பக்கத்தில் வைத்து லோகோவைப் பூட்டிவிட்டால், வாசல் பலகை செய்யும்போது பெயிண்டர் ஏதோ ஒரு கன்னட எழுத்தைப் போட்டுவிடுவார். கன்னடப் பெயரையும் அதே கனத்தில் நீங்களே வரைந்து கொடுத்துவிடுங்கள். கன்னடத்துக்கு வளைவு அதிகம், உங்கள் குறி கட்டம் கட்டமாக இருக்கிறது. தாத்தா சொன்ன உருட்டிய மூலை இங்கேயும் உதவும்.

ஃபைலை கோரல்டிராவிலும் கொடுங்கள். ஸ்டிக்கர், ஃபிளெக்ஸ், சி.என்.சி. கட்டிங் எல்லோரும் அதைத்தான் திறப்பார்கள். எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் (ஃபாண்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கிவிடுங்கள்.

---

வகுப்பு_ஒன்பது:

சகோதரி, டிரேட்மார்க் அலுவலக வேலையில் இருக்கிறேன். டிசைன் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, பதிவு பற்றிச் சொல்கிறேன்.

டிரேட்மார்க் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் என்றால் வகுப்பு 9. கர்நாடகக் கம்பெனி என்பதால் விண்ணப்பம் சென்னை அலுவலகத்துக்குப் போகும், ஆன்லைனிலேயே போடலாம். சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், இல்லையென்றால் 9,000. பதிவு கிடைத்தால் பத்து வருடம், பிறகு புதுப்பிக்கலாம். போடுவதற்கு முன் தேடிப் பாருங்கள். பெயரை மட்டும் தேடினால் போதாது. படக் குறிகளுக்கு வியன்னா குறியீடு என்று ஒரு எண் வரிசை உண்டு, அதை வைத்து வடிவத்தையும் தேட வேண்டும். மூன்று கால் 'எம்' எளிய வடிவம். எளிய வடிவத்தை ஏற்கெனவே யாரோ வரைந்திருக்கும் வாய்ப்பு அதிகம். முதலாளியிடம் காட்டும் முன்பே தேடுங்கள்.

விண்ணப்பத்தைக் கறுப்பு வெள்ளையில் போடுங்கள். நிறத்தை வரையறுக்காமல் பதிவு செய்தால் எல்லா நிறத்துக்கும் சேர்த்துப் பதிவானதாகவே சட்டம் கொள்ளும்.

உங்களுக்காக ஒன்று. நீங்கள் சம்பளத்துக்கு இருப்பவர் அல்ல, வெளியிலிருந்து வரைந்து கொடுப்பவர். எழுத்தில் உரிமை மாற்றிக் கொடுக்காதவரை லோகோவின் பதிப்புரிமை (காப்பிரைட்) உங்களிடம்தான் இருக்கும். மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். அவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் நாளில் இது வில்லங்கமாகும். முழுக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் என்று எழுதி, அதற்குரிய பணத்தைக் கேட்டு வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஐ.பி. 67ஐ லோகோவுக்குள் வைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 6 என்றால் தூசி துளியும் புகாது, 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். அது ஒரு மாடல் சோதனையில் வாங்கிய மதிப்பெண். எல்லா மாடலுக்கும் அது இருக்குமா? இல்லாத பெட்டியிலும் லோகோ போகும் என்றால் பொய் சொன்னதாகிவிடும். அதற்கு இடம் பெட்டியின் அளவுகளை எழுதும் ரேட்டிங் லேபிள்தான், பி.ஐ.எஸ். தரக் குறியும் அங்கேதான் வரும்.

---

சிவகாசிக்காரி:

நேற்று முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தேன். நடந்ததை எழுதுகிறேன், உங்கள் எல்லோருக்கும் அது சேர வேண்டியது.

லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. மேஜையில் மூன்றை வைத்தேன். ராய்ச்சூர் பெட்டி, திட்டு திட்டாக வந்த முதல் மாதிரி, புதிதாக அடித்த மூடி. புது மூடியை முந்தின நாள் வீட்டில் மண்ணெண்ணெய் நனைத்த பனியன் வேஸ்ட்டால் இருநூறு தடவை அழுத்தித் துடைத்திருந்தேன். லேசர் குறி அனோடைஸ் படலத்துக்குள்ளேயே இருப்பதால் ஒன்றும் ஆகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஸ்கிரீன் பிரிண்ட் துண்டையும் அதே மாதிரி துடைத்திருந்தேன். அதில் ஓரம் மங்கிவிட்டது. நல்ல மை போட்டு நன்றாகச் சூட்டில் வைத்து எடுத்தால் இன்னும் தாங்கும் என்று அச்சகத்தில் சொன்னார்கள், ஆனால் ரைஸ்மில்லுக்கு அதை நம்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அவர் முதலில் எடுத்தது ராய்ச்சூர் பெட்டியை. கட்டைவிரலால் அந்த நீல மிச்சத்தைத் தேய்த்தார், அதுவும் கையோடு வந்துவிட்டது. "ஏனுங்க அம்மணி, இது நம்ம பொட்டிதானுங்களா?" என்றார். தூக்கிப் பார்த்துவிட்டு எர்த் குறியைக் காட்டினேன். பிறகு புது மூடி. "நான் வரைந்தது தப்பாப் போச்சுங்க, உங்க பெட்டியிலேயே உங்க எழுத்து இருக்கு" என்று சொல்லி மூடியைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, கண்ணருகே வைத்துப் பார்த்தார். பல்சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேடயத்தை மட்டும் விட மனமில்லை. வாரண்டி அட்டையில் போடலாமா என்றார். அங்கே தாராளமாகப் போடலாம் என்றேன். அட்டை காகிதம், அதில் கேடயம் அழகாக வரும், நானே வரைந்து தருகிறேன்.

நிறம் பற்றிப் பேசினோம். பீனியாவில் பேனல் போர்டுகள் பெரும்பாலும் ரால் (பெயிண்ட் நிறங்களுக்கான எண் முறை) 7032 அல்லது 7035 சாம்பலில்தான் இருக்கின்றன. அதற்குள் கறுப்புப் பெட்டி. கதவைத் திறந்து, செல்போன் டார்ச் அடித்துத்தான் சர்வீஸ் செய்கிறவர் பார்ப்பார். அந்த வெளிச்சத்தில் நீலம் கறுப்போடு கலந்துவிடுகிறது, லேசரின் வெள்ளை பளிச்சென்று தெரிகிறது. அதனால் பெட்டியில் நிறமே இல்லை. ஸ்டாலுக்கும் வாசல் பலகைக்கும் மட்டும் நீலம். ஸ்டால்_கட்டுறவன், பெயரை நீங்கள் சொன்னபடி தடிமனாக்கிவிட்டேன், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குறிக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது. கன்னடப் பெயரை எங்கள் கீழ்வீட்டு அம்மாவிடம் காட்டித் திருத்தி வாங்கினேன். ஒத்தெழுத்தை (ஒரு எழுத்தின் கீழே ஒட்டி வரும் எழுத்து) நான் மிகவும் நெருக்கி வைத்திருந்தேன், படிக்க முடியவில்லை என்றார்.

வகுப்பு_ஒன்பது, தேடினேன். வகுப்பு 9இல் மூன்று கால் வடிவங்கள் சில இருக்கின்றன, ஆனால் கால் முனைகள் வளைந்தவை. எங்களுடையது நேராக வெட்டியது. முடிவை ஒரு வக்கீல் பார்த்துச் சொல்லட்டும் என்று முதலாளியே சொல்லிவிட்டார். உரிமை மாற்றும் பத்திரத்தில் காலமும் நாடும் எழுதியாகிவிட்டது, தொகையும் கேட்டுவிட்டேன். முன்பு ஒரு வாடிக்கையாளர் நான் வரைந்ததை ஒரு நகரத்துக்கென்று வாங்கி ஏழு ஊரில் போட்டார், கேட்டபோது பதிலே இல்லை. அதற்குப் பிறகு இப்போதுதான் முதல்முறையாகத் தைரியமாகக் கேட்டேன்.

தாத்தா, இது உங்களுக்கு. கிளம்பும்போது சர்வீஸ் பெஞ்சில் இருக்கும் பையனிடம் புது மூடி போட்ட பெட்டியைக் கொடுத்து, "தம்பி, இதை ரெயில்ல மாட்டிக் காட்டு" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. வேண்டுமென்றே பக்கவாட்டில் திருப்பித்தான் கொடுத்தேன். வாங்கினான், ஒரு கணம் பார்த்தான், கையிலேயே கால்வட்டம் திருப்பினான், எழுத்து நேராக வந்ததும் ரெயிலில் வைத்து டக்கென்று அழுத்தினான். வரி செங்குத்தாக நின்றது, ஒயர் பக்கம் கீழே. முதலாளி என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு சந்தேகம். டை காஸ்டிங் மாடலுக்கு, பவுடர் கோட்டிங் முடிந்த பிறகு அந்த மேட்டின் தலையை மட்டும் லேசாக மில்லிங் செய்து உலோகம் மின்னும்படி விடலாம் என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். கோட்டிங் போன அந்த விளிம்பு வழியாக ஈரம் உள்ளே போய், பெயிண்ட் உரியுமா? கடல்பக்கம் போகும் பெட்டிகளும் இருக்கின்றன. டையின் வரைபடம் வெள்ளிக்கிழமை போகிறது, அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

டூல்ரூம்_தாத்தா:

கடல்பக்கம் போறதுக்கு மில்லிங் வேண்டாம் பாப்பா. உப்புக் காத்துல வெட்டின விளிம்புலதான் பெயிண்ட் முதல்ல தூக்கும். மேட்டோட பக்கச் சுவர்ல நிழல் விழுந்தாலே எழுத்து தெரியும், கோட்டிங் மேலயே இருக்கட்டும். வரைபடத்தை அனுப்பறதுக்கு முன்னாடி இங்க ஒரு படம் போடு, சரிவு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்றேன்.